வெள்ளி ரூபாயை உருக்கி ஒரு கோப்பை!

குட்டி நண்பர்களே, முதலில் ஒரு விடுகதை!

வெள்ளியில் செய்த கோப்பை ஒன்று இருக்கிறது. அதற்கு மூன்று கைப்பிடிகள். மூன்றுமே நாகப்பாம்புகள்! மூடியின் உச்சியில் ஒரு யானை நிற்கிறது. யானையின் முதுகில் அம்பாரி கூட இருக்கிறது. இந்தக் கோப்பைக்காக ஆண்டுதோறும் மோதிக்கொள்ளும் இரண்டு அணிகள் எவை, சொல்லுங்கள் பார்க்கலாம்?

"தமிழ்நாடும் கேரளாவுமா?" என்று கேட்பீர்கள். இல்லை. "இந்தியாவும் இலங்கையுமா?" அதுவும் இல்லை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும்!

என்னது... யானையும் நாகப்பாம்பும் இல்லாத நாடுகளுக்கு இப்படியொரு கோப்பையா என்று ஆச்சரியமாக இருக்கிறதா? அதன் பெயரைக் கேட்டால் இன்னும் ஆச்சரியப்படுவீர்கள். "கல்கத்தா கோப்பை!" ஆமாம், நம் நாட்டில் இருக்கும் அதே கல்கத்தாதான். 2001ம் ஆண்டு முதல் அதைக் கொல்கத்தா என்று அழைக்கிறோம்.

ஐந்தே ஆண்டுகள் உயிரோடு இருந்த ஒரு சின்ன விளையாட்டுக் கிளப், தன்னிடம் மிச்சமிருந்த காசை வைத்துச் செய்த வேலைதான் இது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் படிக்கப் போகிறீர்கள்.

முட்டை வடிவப் பந்து!

கதைக்குள் போகும் முன், ரக்பி என்றால் என்ன என்று தெரிந்து கொள்வோமா?

இங்கிலாந்தில் ரக்பி என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்ப் பள்ளி மாணவர்கள் ஆடிய கால்பந்து, மற்ற ஊர்க் கால்பந்தைப் போல் இல்லை. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம்! அதனால் ஊரின் பெயரே ஆட்டத்தின் பெயராகிவிட்டது. 1823ம் ஆண்டில் வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவன், ஆட்டத்தின் நடுவே திடீரென்று பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதால்தான் இந்த ஆட்டம் பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அதற்கு உறுதியான சான்று கிடையாது. ஆனாலும் 1987ல் தொடங்கிய ரக்பி உலகக் கோப்பைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்!

ரக்பிப் பந்து உருண்டையாக இருக்காது. முட்டை வடிவத்தில் இருக்கும். அந்தக் காலத்தில் பன்றியின் சிறுநீர்ப்பையில் காற்றை ஊதி, மேலே தோல் உறை போட்டுத் தைப்பார்கள். அதனால் வந்த வடிவம்தான் இது.

ஓர் அணிக்கு 15 பேர். ஆட்டம் மொத்தம் 80 நிமிடம். பந்தோடு ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தி வைக்க வேண்டும். அதற்கு "டிரை" என்று பெயர். இன்றைய கணக்கில் ஒரு டிரைக்கு 5 புள்ளிகள். அதன்பின் பந்தை உதைத்து, "எச்" எழுத்து வடிவில் நிற்கும் கம்பங்களின் நடுவே, குறுக்குக் கம்பிக்கு மேலாக அனுப்பினால் கூடுதலாக 2 புள்ளிகள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஓடுவது முன்னோக்கி, ஆனால் கையால் பந்தை வீசும்போது பக்கவாட்டிலோ பின்பக்கமாகவோதான் வீச வேண்டும்! முன்னால் இருக்கும் நண்பனுக்கு வீசினால் தப்பு. ஆகவே, ஒருவர் ஓடும்போது மற்றவர்கள் அவருக்குப் பின்னாலேயே துணைக்கு ஓடி வர வேண்டும். பந்து வைத்திருப்பவரை எதிரணியினர் கட்டிப் பிடித்துக் கீழே சாய்ப்பார்கள். நம் கபடியில் பாடி வருபவரை அமுக்கிப் பிடிக்கிறோமே, கிட்டத்தட்ட அப்படித்தான்!

எத்தனை பெரிய பலசாலியாக இருந்தாலும் தனி ஆளாக இந்த ஆட்டத்தில் ஒன்றும் செய்ய முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதைக்கும் இது தேவைப்படும்.

கிறிஸ்துமஸ் அன்று ஓர் ஆட்டம்

1871ம் ஆண்டு ஜனவரி மாதம், 21 கிளப்புகள் லண்டனில் ஒன்றுகூடி "ரக்பி கால்பந்து யூனியன்" என்ற சங்கத்தைத் தொடங்கின. அதே ஆண்டு மார்ச் 27ம் தேதி, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதின. உலகின் முதல் சர்வதேச ரக்பி ஆட்டம் அதுதான். ஸ்காட்லாந்து ஜெயித்தது.

இனி கப்பலேறி நம் ஊர்ப் பக்கம் வருவோம்.

அப்போது இந்தியா பிரிட்டிஷாரின் ஆட்சியில் இருந்தது. தலைநகரம் கல்கத்தா. (1911ல்தான் தலைநகரை டில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள்.) வியாபாரம், அரசு வேலை, ராணுவம் என்று பல காரணங்களுக்காக ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ்காரர்கள் அங்கே வசித்தார்கள். சொந்த ஊரை விட்டு வந்த இளைஞர்களுக்குப் பள்ளியில் ஆடிய ஆட்டத்தின் நினைவு வராதா என்ன?

1872ம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாள். கல்கத்தாவில் இரண்டு அணிகள் களம் இறங்கின. ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள் 20 பேர். மறுபக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டவர் சேர்ந்து 20 பேர். ஆமாம், அந்நாளில் ஓர் அணிக்கு 20 பேர்! சர்வதேச ஆட்டங்களில் 15 பேர் என்ற வழக்கம் 1877ல்தான் வந்தது.

ஆட்டம் ஒரே கொண்டாட்டம்! ஆடியவர்களுக்கு ஆசை அடங்கவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஆடினார்கள். "இப்படி எப்போதாவது ஆடினால் போதுமா? நமக்கென்று ஒரு கிளப் வேண்டாமா?" என்ற பேச்சு எழுந்தது. 1873ம் ஆண்டு ஜனவரி மாதம் "கல்கத்தா கால்பந்து கிளப்" பிறந்தது. பெயர்தான் கால்பந்து, ஆடியது ரக்பி. 1874ல் இங்கிலாந்தின் ரக்பி யூனியனிலும் உறுப்பினராகச் சேர்ந்தார்கள்.

இந்தக் கிளப்பில் யாருக்கும் சம்பளம் கிடையாது. வேலை முடிந்து வந்து, ஆசைக்காக ஆடுபவர்கள்தான் எல்லோரும். இப்படிப் பணத்துக்காக இல்லாமல் ஆடுபவர்களை "அமெச்சூர்" என்பார்கள். அந்தக் கால ரக்பியில் இது மிகக் கண்டிப்பான விதி. இங்கிலாந்தின் வடக்குப் பகுதியில் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள், "ஆட வந்தால் அன்றைய கூலி போகிறதே, அதையாவது கொடுங்கள்" என்று கேட்டார்கள். யூனியன் மறுத்தது. அதனால் 1895ல் ரக்பி இரண்டாகவே உடைந்துவிட்டது! பிரிந்து போனவர்களின் ஆட்டம் பின்னாளில் "ரக்பி லீக்" ஆனது. பழைய ஆட்டம் "ரக்பி யூனியன்." அதில் சம்பளம் வாங்கி ஆடலாம் என்று அனுமதித்ததே 1995ம் ஆண்டில்தான்.

கூட்டம் குறைந்தது ஏன்?

கிளப் ஆரம்பித்த முதல் ஆண்டு அமோகம். உறுப்பினர்கள் போட்டி போட்டுக்கொண்டு சேர்ந்தார்கள். ஆனால் போகப் போக ஆள் குறைந்தது. ஏன் தெரியுமா?

முதல் காரணம் கொஞ்சம் சிரிப்பானது. ஆரம்பத்தில் கிளப்பில் உறுப்பினர்களுக்கு இலவசமாக மது வழங்கி வந்தார்கள். செலவு தாங்கவில்லை, இலவசத்தை நிறுத்தினார்கள். அவ்வளவுதான், கூட்டம் சட்டென்று குறைந்துவிட்டது! ஆட்டத்துக்காக வந்தவர்கள் யார், இலவசத்துக்காக வந்தவர்கள் யார் என்று அப்போது தெரிந்துபோனது.

இரண்டாவது காரணம், நம் ஊர் வெயில். ரக்பி குளிர்கால ஆட்டம். இங்கிலாந்தின் குளிரில், ஈரமான புல்தரையில் ஆடுவதற்காக உருவானது. கல்கத்தாவின் புழுக்கத்தில் ஒருவரையொருவர் கட்டிப் புரண்டு, இறுகிய தரையில் விழுந்தால் எப்படி இருக்கும்? யோசித்துப் பாருங்கள். வியர்த்துக் கொட்டும், முட்டி பெயர்ந்துவிடும்!

மூன்றாவது காரணம், புதிய ஆட்டங்கள். குதிரை மேல் அமர்ந்து ஆடும் போலோ, அப்போதுதான் பரவத் தொடங்கிய டென்னிஸ் ஆகியவை இந்தத் தட்பவெப்பத்துக்கு ரக்பியை விடப் பொருத்தமாக இருந்தன. ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள்.

போதாக்குறைக்கு, ராணுவப் படைப்பிரிவு வேறு ஊருக்கு மாறும்போது அதிலிருந்த ஆட்டக்காரர்களும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். 20 பேர், 15 பேர் சேர்ந்தால்தான் ஓர் அணி. எதிர்த்து ஆட இன்னொரு அணியும் வேண்டும். ஆளே இல்லாமல் ரக்பி எப்படி ஆடுவது? தனி ஆளாக ஒன்றும் செய்ய முடியாத ஆட்டம் என்று முன்பே சொன்னோம் அல்லவா?

1877ம் ஆண்டின் முடிவில் நிலைமை தெளிவாகிவிட்டது. கிளப்பை மூட வேண்டியதுதான்!

மீதிப் பணத்தை என்ன செய்வது?

இப்போது நீங்கள் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

உங்கள் தெருவில் ஒரு கிரிக்கெட் அணி இருக்கிறது. ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு உண்டியலில் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். திடீரென்று ஒருவன் அப்பாவுக்கு மாற்றல் என்று வேறு ஊர் போகிறான். இன்னொருவன் டியூஷன் சேர்ந்துவிட்டான். மூன்றாமவன் கம்ப்யூட்டர் விளையாட்டே போதும் என்கிறான். அணி கலைந்துவிட்டது. ஆனால் உண்டியலில் காசு மீதி இருக்கிறது. என்ன செய்வீர்கள்?

"ஆளுக்குச் சமமாகப் பிரித்துக்கொள்வோம்" என்று சிலர் சொல்லலாம். தப்பில்லை, அவரவர் போட்ட காசுதானே! "பரோட்டா கடையில் பெரிய விருந்து!" என்று சிலர் கத்தலாம். அதிலும் தப்பில்லை. ஆனால் இரண்டுமே மறுநாள் மறந்துபோகும்.

கல்கத்தா கிளப்பிடம் வங்கியில் மீதி இருந்தது 270 வெள்ளி ரூபாய். "வெறும் 270 ரூபாய்தானா?" என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைய ரூபாய் ஒவ்வொன்றும் நிஜமான வெள்ளி நாணயம். ஒரு நாணயத்தின் எடை சுமார் 11.66 கிராம். பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. ஒரு பங்கு மட்டும் வேறு உலோகம். ஒரு பக்கம் விக்டோரியா மகாராணியின் முகம் இருக்கும்.

கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரர்கள் பெருக்கிப் பாருங்கள். 11.66 கிராமை 270 ஆல் பெருக்கினால் சுமார் 3,148 கிராம் வருகிறதா? அதாவது மூன்று கிலோவுக்கும் அதிகம்! அந்தக் காலத்தில் ஒரு ரூபாய்க்கு 16 அணா. அப்படியென்றால் 270 ரூபாய்க்கு எத்தனை அணா? 4,320. அது சின்னத் தொகை இல்லை.

கிளப்பின் கௌரவச் செயலாளராகவும் பொருளாளராகவும் இருந்தவர் ஜேம்ஸ் ராத்னி என்பவர். 1877ம் ஆண்டு டிசம்பர் 20ம் தேதி அவர் இங்கிலாந்தின் ரக்பி யூனியனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிளப்பின் மொத்தப் பணத்தையும் செலவிட்டு ஒரு சவால் கோப்பை செய்து உங்களுக்குத் தருகிறோம். ஆண்டுதோறும் அதற்காகப் போட்டி நடத்துங்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம். ரக்பி ஆட்டத்துக்கு நிலைத்து நிற்கும்படி ஏதாவது நன்மை செய்ய வேண்டும், கல்கத்தா கிளப்பின் நினைவாகவும் அது இருக்க வேண்டும் என்பது அவர்களின் ஆசை.

கவனித்தீர்களா? கிளப்புக்கு இனி ஆட்டமே இல்லை. அந்தக் கோப்பையை அவர்கள் ஒருநாளும் ஜெயிக்கப் போவதும் இல்லை. ஆனாலும் அடுத்தவர்கள் ஆடுவதற்காகத் தங்கள் கடைசிக் காசையும் கொடுத்தார்கள்!

யூனியன் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டது.

நாணயம் நாகமானது

வங்கியிலிருந்து வெள்ளி ரூபாய்களை எடுத்தார்கள். அவற்றை உருக்கிக் கோப்பை செய்யப்பட்டது. சந்தையில் கைமாறிக்கொண்டிருந்த காசெல்லாம் நெருப்பில் உருகி நாகமாகவும் யானையாகவும் மாறிவிட்டது!

கோப்பையின் உயரம் சுமார் 18 அங்குலம். உங்கள் பள்ளி ஸ்கேலைப் போல ஒன்றரை மடங்கு. உடல் முழுவதும் நுணுக்கமான இந்தியச் செதுக்கு வேலைப்பாடு. கைப்பிடிகளாக மூன்று ராஜநாகங்கள். குவிந்த மூடியின் மேல் அம்பாரியோடு யானை. வைஸ்ராயின் யானைகளில் ஒன்றைப் பார்த்துத்தான் அதைச் செய்தார்கள் என்று சொல்வதுண்டு.

அடியில் மரப் பீடம் இருக்கிறது. அதில் பதித்த தகடுகளில் ஒவ்வோர் ஆண்டும் ஆட்டம் நடந்த தேதி, ஜெயித்த நாடு, இரு அணித் தலைவர்களின் பெயர்கள் எல்லாம் பொறிக்கப்படுகின்றன. இதிலும் ஒரு வேடிக்கை! கோப்பை செய்யப்பட்டது 1878ல். ஆனால் பீடத்தில் 1871ம் ஆண்டு ஆட்டத்திலிருந்தே கணக்கு தொடங்குகிறது. கோப்பை பிறப்பதற்கு முன்பே அதன் வரலாறு ஆரம்பித்துவிட்டது, பாருங்கள்!

முதல் ஆட்டமே சமன்!

ராத்னியின் விருப்பம் வேறு விதமாக இருந்தது. இங்கிலாந்தில் கால்பந்துக் கிளப்புகள் தங்களுக்குள் மோதும் "எப்.ஏ. கோப்பை" 1871ல் ஆரம்பித்திருந்தது. அதுபோல ரக்பிக் கிளப்புகள் மோதட்டும் என்றுதான் அவர் எழுதினார். ஆனால் யூனியனோ, "கிளப்புகளுக்கு வேண்டாம்; இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் ஆடும் ஆட்டத்துக்கு இதைப் பரிசாக்கலாம்" என்று முடிவு செய்தது.

1879ம் ஆண்டு மார்ச் 10ம் தேதி எடின்பரோவில் முதல் கல்கத்தா கோப்பை ஆட்டம் நடந்தது. அந்தக் காலத்தில் புள்ளிக் கணக்கு கிடையாது; கோல் கணக்குதான். ஆளுக்கு ஒரு கோல். ஆட்டம் சமன்! ஆக, முதல் ஆண்டு யாருமே ஜெயிக்கவில்லை. அடுத்த ஆண்டு மான்செஸ்டரில் நடந்த ஆட்டத்தில் இங்கிலாந்து வென்றது. கோப்பையை முதலில் ஜெயித்த நாடு அதுதான்.

அன்று முதல் இன்று வரை இந்தப் போட்டி தொடர்கிறது. நாடுகளிடையே நடந்த தகராறால் 1888, 1889ம் ஆண்டுகளில் ஆட்டம் நடக்கவில்லை. இரண்டு உலகப் போர்களின்போதும் நின்று போனது. மற்றபடி ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் இரு நாடுகளும் மோதுகின்றன. சர்வதேச ரக்பியில் மிகப் பழைய கோப்பை இதுவே. ஆறு ஐரோப்பிய நாடுகள் ஆடும் "சிக்ஸ் நேஷன்ஸ்" தொடரில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சந்திக்கும் நாள்தான் இப்போது கல்கத்தா கோப்பை நாள். ஆட்டம் சமனானால், ஏற்கெனவே வைத்திருக்கும் நாட்டிடமே கோப்பை இருந்துவிடும்.

ராத்னி முன்மாதிரியாகச் சொன்னாரே, எப்.ஏ. கோப்பை... அதன் முதல் கோப்பை என்ன ஆனது தெரியுமா? 1895ல் பர்மிங்ஹாம் நகரில் ஒரு கடையில் காட்சிக்கு வைத்திருந்தபோது திருடு போனது. திரும்பக் கிடைக்கவே இல்லை!

அடி வாங்கிய கோப்பை

கல்கத்தா கோப்பைக்கும் ஒரு கெட்ட நாள் வந்தது.

1988ம் ஆண்டு எடின்பரோவில் நடந்த ஆட்டத்தில் இங்கிலாந்து 9-6 என்று ஜெயித்தது. அன்றிரவு கொண்டாட்டத்தில், இரு அணியிலிருந்தும் ஆளுக்கு ஒரு வீரர் கோப்பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். அதைப் பந்துபோல வைத்து விளையாடினார்கள்! பாவம், நூறாண்டு கண்ட கோப்பை நசுங்கிப் போனது. "இனி இது கல்கத்தா கோப்பை அல்ல, கல்கத்தா தட்டு" என்று கிண்டல் செய்யும் அளவுக்கு ஆகிவிட்டது.

வீரர்களுக்குத் தண்டனை கிடைத்தது. ஸ்காட்லாந்து வீரருக்கு ஆறு மாதத் தடை. இங்கிலாந்து வீரருக்கு ஓர் ஆட்டத் தடை. கோப்பையைக் கவனமாகச் செப்பனிட்டார்கள். ஆனாலும் அது வயதான தாத்தாவைப் போலத் தளர்ந்துவிட்டது. அதனால் அச்சு அசலாக அதைப் போலவே மாதிரிகள் செய்து வைத்திருக்கிறார்கள்.

31-0... அப்புறம்?

கோப்பை தளர்ந்தாலும் ஆட்டத்தின் விறுவிறுப்பு குறையவில்லை. 2019ம் ஆண்டு மார்ச் 16ம் தேதி லண்டன் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

முதல் அரை மணி நேரத்திலேயே இங்கிலாந்து 31 புள்ளிகள் எடுத்துவிட்டது. ஸ்காட்லாந்து பூஜ்யம்! "அவ்வளவுதான், முடிந்தது கதை" என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஸ்காட்லாந்து வீரர்கள் விடவில்லை. ஒரு டிரை... இன்னொரு டிரை... இரண்டாம் பாதியில் அடைமழை போல டிரை! 31-31 ஆனது. அதோடும் நிற்காமல் 38-31 என்று முந்தியே விட்டார்கள்!

கடைசி நொடிகள். இங்கிலாந்தின் ஜார்ஜ் ஃபோர்ட் கோட்டைத் தாண்டிப் பாய்ந்து டிரை போட்டார். அதைத் தொடர்ந்த உதையும் கம்பங்களுக்கு நடுவே பறந்தது. 38-38. சமன்! முந்தைய ஆண்டு ஜெயித்திருந்ததால் கோப்பை ஸ்காட்லாந்திடமே தங்கியது.

பிறகு 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் ஸ்காட்லாந்தே வென்றது. 2025ல் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், 16-15 என்று, இங்கிலாந்து கோப்பையைக் கைப்பற்றியது. 1879ல் சமனில் தொடங்கிய போட்டி இன்றும் அதே விறுவிறுப்போடு நடக்கிறது!

மூடிய கதவு திறந்தது

கல்கத்தாவில் என்ன நடந்தது என்று கேட்க மாட்டீர்களா?

மூடிய கிளப் அப்படியே போய்விடவில்லை. 1884ல் கல்கத்தாவில் மறுபடியும் ரக்பிக் கிளப் முளைத்தது. 1890ல் உள்ளூர்க் கிளப்புகளுக்காக ஒரு சவால் கோப்பையை ஆரம்பித்தார்கள். கிளப்புகள் மோத வேண்டும் என்ற ராத்னியின் ஆசை, இங்கிலாந்தில் நிறைவேறாமல் கல்கத்தாவிலேயே நிறைவேறியது! கால்பந்துக் கிளப், 1792ல் தொடங்கிய கல்கத்தா கிரிக்கெட் கிளப்போடு 1965ல் இணைந்தது. "கல்கத்தா கிரிக்கெட் அண்டு ஃபுட்பால் கிளப்" என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. ரக்பியும் ஆடுகிறது.

1872ல் ஆடியவர்கள் எல்லோரும் ஆளவந்த பிரிட்டிஷ்காரர்கள். நம்மவர்களுக்கு அந்த ஆட்டத்தில் இடமில்லை. இன்று நிலைமை தலைகீழ்! கொல்கத்தாவின் நடுவே "மைதான்" என்று பரந்த புல்வெளி இருக்கிறது. 2004ம் ஆண்டு, பால் வால்ஷ் என்ற பிரிட்டிஷ் தூதரக அதிகாரி அங்கே ஏழைச் சிறுவர்களைச் சேர்த்து ரக்பி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அந்தக் கிளப்பின் பெயர் "ஜங்கிள் குரோஸ்", அதாவது காட்டுக் காக்கைகள்! விலையுயர்ந்த மட்டையோ காலுறைக் காப்போ வேண்டாம். ஒரு பந்து போதும். பிள்ளைகள் பறந்து பறந்து ஆடினார்கள்.

இந்த முயற்சி வடக்கு வங்காளத்தின் சரஸ்வதிபூர் தேயிலைத் தோட்டம் வரை பரவியது. தேயிலை பறிக்கும் தொழிலாளர்களின் மகள்கள் அங்கே ரக்பி கற்றுக்கொண்டார்கள். அவர்களில் சிலர் இந்திய மகளிர் அணிக்கே ஆடியிருக்கிறார்கள்! நம் சென்னையிலும் ஜிம்கானா கிளப்பில் ரக்பி ஆடுவதுண்டு. வாய்ப்புக் கிடைத்தால் ஒருமுறை ரக்பி ஆட்டம் பாருங்கள்.

கல்கத்தா கிளப் தொடங்கி, ஐந்தாண்டு ஆடி, மூடப்பட்டது. அதில் யார் அதிக டிரை போட்டார், எந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தார் என்றெல்லாம் இன்று யாரும் பேசுவதில்லை. அந்த 270 ரூபாயைப் பிரித்துக்கொண்டிருந்தால் கிளப்பின் பெயரும் அப்போதே மறந்திருக்கும். கடைசிக் காசில் அவர்கள் செய்த காரியத்தால்தான், ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் பல்லாயிரம் மைலுக்கு அப்பால் அரங்கம் நிறைந்த கூட்டம் "கல்கத்தா" என்ற பெயரைச் சொல்கிறது.

என்ன குட்டீஸ், உங்கள் தெரு அணியின் உண்டியலில் எவ்வளவு மீதி இருக்கிறது? அதை வைத்து, உங்களுக்குப் பின்னால் வரும் தம்பி தங்கைகளுக்கு என்ன செய்யலாம்? இந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசுங்களேன்!